திரையில் வைத்த கை

தம்பி,

வழக்கமான விசாரிப்பு எதுவும் இந்தக் கடிதத்தில் இல்லை. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாக இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பற்றிக் கேட்டால், மூன்று நாளாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுக்கட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு ஒரு கணக்கைக்கூடத் திருத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ "அம்மா" என்று ஒரு இழுப்பு இழுப்பாய், நானும் சரி விடு என்பேன். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. தாளிடம் உன் இழுப்பு செல்லாது. எழுதி முடித்தபின் இந்த உறையை ஒட்டப்போவதும் இல்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், நடுவில் தாண்டிப் போகாதே.

குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு நாலு நாளாகக் காத்திருந்தோம், அப்போதுதான் நீ கூப்பிட்டாய். பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே போயிருந்தேன். மேற்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது, நானும் உன் அப்பாவும் ஆளுக்கொரு முனையில் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தோம். ஈரப்பதம் கூடுதலாக இருக்கிறது, இன்னொரு வெயில் காய வையுங்கள் என்று அங்கிருந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து, வரப்போர வேப்பமரத்தைப் பற்றிப் பேசுகிறவன்போல, கிழக்கே இருக்கிற மூன்று மா நிலத்தை விற்றுவிடலாம் என்றாய். கல்யாணச் செலவு என்றாய், மாடி எடுக்கவேண்டும் என்றாய், மன்னார்குடியில் ஒருவரிடம் விலைகூடப் பேசியாகிவிட்டது என்றாய். பட்டா என் பெயரில் இருக்கிறது, விலை நீ பேசியிருக்கிறாய். அதோடு ஒரு வார்த்தை சொன்னாய், நினைவிருக்கிறதா? "வெவசாயம் மட்டும் என்னம்மா, அதுவும் ஒரு சூதாட்டம்தானே." மழை முதல் துளி போட்டது, நான் போனை வைத்துவிட்டேன். அந்த வார்த்தை உன் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்று அன்று யோசிக்கவில்லை. அடுத்த வாரம்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் ஹாஜா வந்தார். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் உன் கிரேன் போர்மேன், கூத்தாநல்லூர்க்காரர், நீ அங்கே போன புதிதில் உனக்குச் சோறு போட்டவர். விடுமுறையில் ஊருக்கு வந்தவர், பேரீச்சம்பழப் பையோடு நம் வாசலில் நின்றார். உன் அப்பா வயலில் இருந்தார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன், குடித்தார், இன்னொரு தம்ளர் கேட்டார், அதையும் குடித்தார். பிறகு தம்ளரையே பார்த்துக்கொண்டு, தம்பி வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டும் ஆளைப் பார்க்க முடிவதில்லை என்றார். நிச்சயம் முடித்து, தையில் முகூர்த்தம் வைத்திருக்கிறோம். பெண் விவகாரமா என்று கேட்டேன்.

"அதுவா இருந்தா நான் வந்திருக்கவே மாட்டேங்க்கா," என்றார். "அத கல்யாணம் திருத்திடும். இது ஜாக்பாட் மெஷின்."

ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு வருஷமாக நடக்கிறதாம். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் போவாயாம், சாயங்காலம் நடந்து வருவாயாம். அவரிடமே மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடாகக் கடன் வாங்கியிருக்கிறாய். அதைச் சொல்லத் தான் வரவில்லை என்று இரண்டு தடவை சொன்னார், நான் நம்புகிறேன். ஒரு நாள் உன்னைக் கூட்டிவர அந்தச் சூதாட்ட விடுதிக்கு உள்ளேயே வந்தாராம். உன் பின்னால் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாராம். அங்கே பார்த்ததைச் சொல்ல அவர் தயங்கினார், நான் வற்புறுத்தினேன். தயங்கியவர் சொன்னதைத்தான் பத்து நாளுக்கு மேலாக நான் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருக்கிறேன்.

"வலது கைய மூடுவான்க்கா. கிழக்க எதுன்னு பாத்துத் திரும்புவான். மூடின கைய ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்குவான். அப்புறம்தான் பட்டன அமுக்குவான். ஒவ்வொரு தடவையும். பக்கத்து மெஷின் சீனக் கிழவி கைய தட்டிச் சிரிக்கிறா."

தம்பி, அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

உனக்கு நாலு வயது. அப்பா நாற்றங்காலில் விதை தெளிக்கப் போனார், நீ பின்னாலேயே ஓடினாய். கூடையிலிருந்த முளைகட்டிய விதையில் ஒரு கை அள்ளி வீசிவிட்டாய். அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருந்தது. நாற்றுப் பறிக்க வந்த பெண்கள், பிள்ளை கைராசிக்காரன் என்றார்கள். அவர்கள் எல்லா வீட்டுப் பிள்ளையையும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மறு வருஷம் நானே உன்னைக் குளிக்க வைத்து, திருநீறு பூசி, கிழக்கே பார்த்து நிறுத்தி, விதையை உள்ளங்கையில் வைத்து மூடி, "கண்ணுல ஒத்திக்கிட்டுப் போடு" என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு போகத்துக்கும் முதல் கை விதை உன் கைதான். பக்கத்துக் கொல்லைக்காரர்கள்கூடக் கூப்பிட்டார்கள். சம்பளம் மாதிரி உனக்கு ஒரு ரூபாயும் வெல்லமும் கொடுத்தார்கள். வாசலில் நின்று நான் பெருமையாகப் பார்த்தேன்.

நான் கணிதம் படித்தவள். கும்பகோணத்தில் பஸ் ஏறி இறங்கி மூன்று வருஷம் படித்தேன். பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்தும்போது, ஒவ்வொரு வருஷமும் நாணயத்தைச் சுண்டிக் காட்டி ஒரே வாக்கியத்தைச் சொல்கிறவள்: நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. ஐந்து தடவை தலை விழுந்தாலும் ஆறாவது தடவைக்கு அது புதுசாகத்தான் வருகிறது என்று சொல்லி, பிள்ளைகள் நம்பாமல் பார்க்கும்போது சிரிப்பேன். வீட்டுக்கு வந்து, என் பிள்ளை கைக்கு நெல் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே வாய் சொன்னது. விளைந்த வருஷமெல்லாம் உன் கை. விளையாத வருஷத்துக்கு வேறு யாராவது கிடைத்தார்கள்: தண்ணீர் வரவில்லை, பூச்சி விழுந்தது, கதிர் முற்றும் நேரத்தில் மழை கொட்டியது. உன் பக்கத்தில் வரவை மட்டும் எழுதி, செலவை ஊரார் பெயரில் எழுதிவிட்டேன். இன்று நீ அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து போடுகிற கணக்கும் இதேதான். ஜெயித்தால் உன் கை. தோற்றால் அன்றைக்கு இடம் சரியில்லை, பக்கத்தில் உட்கார்ந்தவள் சரியில்லை.

நீ கல்லூரி விடுதியில் இருந்தபோது நடந்த ஒன்றை உன்னிடம் நான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். இப்போது உள்ளபடி சொல்கிறேன். அந்த வருஷம் குறுவை முடிந்து தாளடிப் போகத்துக்கு விதை ஊறவைத்து, கோணியில் கட்டி வைத்தாகிவிட்டது. முளை வெளியே வெள்ளையாக எட்டிப்பார்த்த அன்றே தெளித்துவிட வேண்டும். வாய்க்காலில் நம் முறைத் தண்ணீரும் அன்றுதான். உனக்குத் தேர்வு, வரமுடியவில்லை. அப்பா நானே போட்டுவிடுகிறேன் என்றார். நான் விடவில்லை. நாளைக்கு வந்துவிடுவான், முதல் கை அவன்தான் போடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நீ வர இரண்டு நாள் ஆயிற்று. கோணியைப் பிரித்தால் வேர்கள் நீண்டு ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரிக் கிடந்தன. பிய்த்துப் பிய்த்துத்தான் வீச வேண்டியிருந்தது, முளை ஒடிந்துபோனது. நீ கண்ணில் ஒற்றிக்கொண்டு அழகாகத்தான் வீசினாய். நாற்றங்கால் சொட்டை சொட்டையாக வந்தது. நட நாற்றுப் பற்றாமல் நீடாமங்கலம் பக்கம் போய் விலைக்கு வாங்கினோம். விதை மோசம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று உன்னிடம் சொன்னேன். அதோடு விட்டேனா? கடைக்கே போய் அந்த மனிதரிடம் சண்டை போட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "எத்தன நாள் கட்டி வச்சிருந்தீங்க டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் குரலைத் தாழ்த்தாமல்தான் வெளியே வந்தேன். உன் கைராசியைக் காப்பாற்ற ஒரு நல்ல மனிதரைத் திருடனாக்கினேன்.

நீ சிங்கப்பூர் போனபிறகாவது விட்டிருக்கலாம். போன முதல் வருஷம் நாற்றங்காலுக்குப் போனை எடுத்துக்கொண்டு போனது நான். வீடியோவில் உன்னைக் கூப்பிட்டு, விதைக் கூடைக்கு மேல் போனைத் தாழ்த்திப் பிடித்து, "திரையில கை வை தம்பி" என்றேன். நீ அங்கே கண்ணில் ஒற்றி உள்ளங்கையைத் திரையில் வைத்தாய். இங்கே அப்பா அள்ளி வீசினார். வரப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மூன்று வருஷம் அப்படிச் செய்தோம். கண்ணாடித் திரையில் கை வைத்தால் அந்தப் பக்கம் ஏதோ விளையும் என்று உனக்கு முதலில் காட்டியது எந்தச் சூதாட்ட விடுதியும் இல்லை. அதனால் இந்தக் கோபத்தில் பாதி என் மேல். மீதிப் பாதி முழுசாக உனக்கு. உனக்கு நாலு வயது இல்லை, இருபத்தைந்து. பொறியியல் படித்திருக்கிறாய்.

படித்தவனிடம் படித்தவள் பேசுகிறேன், கேள். அந்த மெஷின் எப்படிக் கொடுக்கிறது என்று மூன்று நாளாக உட்கார்ந்து படித்தேன். நீ பட்டனை அழுத்துகிற அந்தக் கணமே உள்ளே ஒரு கணினிச் சில்லு ஒரு எண்ணைப் பிடித்துவிடுகிறது. முடிவு அப்போதே முடிந்தது. அதற்குப் பிறகு திரையில் பழமும் மணியும் ஏழும் சுற்றுவது, ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது, மூன்றாவது மட்டும் கொஞ்சம் இழுத்து நிற்பது எல்லாம் கூத்து. ஒரு கட்டம் தள்ளி நின்றுவிட்டது, இல்லாவிட்டால் அடித்திருக்கும் என்று ஹாஜாவிடம் அழுதாயாமே. ஒரு கட்டம் தள்ளி என்று ஒன்று அங்கே இல்லை. தோற்றது தோற்றதுதான். பக்கத்தில் வந்து தோற்ற மாதிரி காட்டினால் நீ எழுந்து போகமாட்டாய் என்று தெரிந்தவர்கள் செய்த படம் அது. ஒரு வெள்ளி, அதாவது அந்த ஊர் டாலர், போட்டு முப்பது காசு திரும்பி வந்தாலும் விளக்கு எரியுமாம், பாட்டுப் பாடுமாம். எழுபது காசு போனதற்குப் பாட்டு. இந்த மெஷின் ரொம்ப நேரமாகக் கொடுக்கவில்லை, பழுத்துவிட்டது, இனி கொடுத்தாகவேண்டும் என்று ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தாயாம். தம்பி, மெஷினுக்கு ஞாபகம் கிடையாது. என் வகுப்பில் நீ உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்திருந்தால் இந்த ஒரு வாக்கியமாவது தெரிந்திருக்கும்.

அது ஏமாற்று மெஷினும் இல்லை. ஏமாற்று என்றால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது, போலீசுக்குப் போ என்று சொல்லியிருப்பேன். நம் ஊர்த் தராசுக்கு முத்திரை வைப்பதுபோல அதைச் சோதித்து, ஒப்புதல் கொடுத்து, அதன்பிறகுதான் கூடத்தில் வைக்க விடுகிறார்களாம். மொத்தமாக விழுகிற பணத்தில் இத்தனை பங்குக்குக் குறையாமல் திரும்பக் கொடுக்கவேண்டும் என்று விதி இருக்கிறதாம். தொண்ணூறு என்று வைத்துக்கொள்வோம். நூறு போட்டால் தொண்ணூறு வருகிறதே, பத்துதானே நஷ்டம் என்று நீ நினைத்திருப்பாய். அந்தத் தொண்ணூறை எடுத்துக்கொண்டு வீட்டுக்கா போகிறாய்? அதையே திரும்பப் போடுகிறாய், எண்பத்தொன்று ஆகிறது. அதையும் போடுகிறாய். ஒரு சுற்றுக்கு ஒரு வெள்ளி, நிமிஷத்துக்குப் பத்துச் சுற்று என்றால், மணிக்கு அறுநூறு வெள்ளி உன் விரல் வழியாகப் போகிறது. அதில் பத்தில் ஒன்று அறுபது. நீ வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க நின்று வாங்குவதை ஒரு மணி நேர நாற்காலி வாடகையாகக் கொடுக்கிறாய். இது சராசரிதான், ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும் என்று நீ சொல்வாய். சொல். எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று? நாள் கூடக்கூடச் சராசரி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்பதுதான் பாடம். எந்தச் சட்டமும் இதைத் தடுக்கவில்லை. இதைத்தான் சட்டம் ஒழுங்காக நடத்திக் கொடுக்கிறது.

அந்த வாசலைப் பற்றி ஹாஜா சொன்னது என்னை இன்னும் கொதிக்க வைத்தது. அந்த நாட்டுக் குடிமகனோ அங்கேயே குடியிருக்க உரிமை வாங்கினவனோ உள்ளே போகவேண்டுமானால், ஒரு நாளைக்கு நூற்றைம்பது வெள்ளி நுழைவு வரி கட்டவேண்டுமாம். தங்கள் ஆள் யோசிக்கட்டும், தயங்கட்டும், வீட்டுக்குத் திரும்பட்டும் என்று வைத்த வரி. நல்ல வரி, நான் குறை சொல்லவில்லை. உன்னிடம் என்ன கேட்டார்கள்? பாஸ்போர்ட்டைக் காட்டு, உள்ளே போ. இலவசம். வெளிநாட்டுக்காரனுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. பணக்காரச் சுற்றுலாக்காரனுக்காகத் திறந்த கதவில் கப்பல் பட்டறைக் கூலிக்காரனும் நுழைகிறான். இலவசம் என்று நீ பெருமையாகச் சொன்னாயாம். தம்பி, உன் குடி கெட்டால் அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை என்பதுதான் அந்த இலவசத்துக்கு அர்த்தம். நீ கெட்டால் கெடப்போவது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு.

வரியே இல்லை என்றும் சொன்னாயாமே. கோவாவில் பிடித்த மாதிரி இங்கே பிடிப்பதில்லை, ஜெயித்தது முழுசாக நமக்கு என்று. கோவாவை நீ எடுத்ததும் நல்லதுதான், அங்கேயும் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது. கல்லூரி முடிந்து சிநேகிதர்களோடு போனாய், ஆற்றில் நிற்கிற கப்பலில் விளையாடி இருபதாயிரம் ஜெயித்தாய். முப்பது சதவீதம், ஆறாயிரத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் எனக்கு வெட் கிரைண்டர் வாங்கி வந்தாய். சீட்டுக்கட்டில் கை வைத்தாலே அடிக்க வருகிற வீட்டில் பிறந்த நான், கப்பல் சூதாட்டம் என்று தெரிந்தே அதில் மாவு அரைத்தேன். எதிர்வீட்டில் போய், பிள்ளை கைராசி அப்படி என்றேன். எவ்வளவு போட்டு எவ்வளவு எடுத்தாய் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கவேண்டிய ஒரே கேள்வி அதுதான். நீ மட்டும் வரியைப் பற்றிப் புலம்பினாய்: "ஜெயிச்சதுல பங்கு கேக்கறாங்க, தோத்ததுல பங்கு எடுத்துக்கமாட்டாங்களாம்மா." நம் சட்டம் அப்படித்தான். ஜெயித்த தொகைக்கு முப்பது சதவீதம், தோற்றதை அதில் கழிக்க விடமாட்டார்கள். பத்து நாள் தோற்று ஒரு நாள் ஜெயித்தாலும் அந்த ஒரு நாளுக்கு வரி. அன்று எனக்கும் அது அநியாயமாகப் பட்டது. ஆனால் நீ இருக்கிற நாட்டில் வரியே இல்லை என்று நினைத்தாயே, அதுதான் சுத்த முட்டாள்தனம். அங்கே வரியை விடுதியிடம் வாங்குகிறார்கள். எதற்கு வாங்குகிறார்கள்? போட்ட பணத்தில் கொடுத்தது போக விடுதிக்கு மிஞ்சியதற்கு. விடுதிக்கு மிஞ்சியது எது? நீ தோற்றது. இங்கே உன் ஜெயிப்பில் பங்கு எடுத்தார்கள், அங்கே உன் தோல்வியில் எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ அந்த நாட்டுக்கு வரி கட்டிவிட்டுத்தான் நடந்து வருகிறாய். பஸ்ஸுக்குக்கூட மிச்சம் வைக்காமல்.

விவசாயமும் சூதாட்டம் என்றாயே, அதற்கு வருகிறேன். மழை பொய்க்கும், ஆறு வறண்டு கிடக்கும், அறுக்கிற நாளில் கொட்டும், நாலு நாள் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த நெல் முளைத்துப்போகும். இதெல்லாம் நீ சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் வயலில் தோற்றால் ஏன் தோற்றோம் என்று பார்க்கலாம். வரப்பை உயர்த்தலாம், வடிகால் வெட்டலாம், ரகத்தை மாற்றலாம், முளைத்த அன்றே விதைக்கலாம். உன் அப்பாவுக்கு முப்பது வருஷத்தில் மண் எதையாவது கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆயிரம் தடவை பட்டனை அழுத்தினவனுக்கு முதல் தடவை அழுத்துகிறவனைவிட ஒரு துளி கூடத் தெரியாது. ஊரே நன்றாக விளைந்த வருஷங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூடத்தில் எல்லாரும் ஜெயித்து வீட்டுக்குப் போன வருஷம் ஒன்றைக் காட்டு, மூன்று மாவையும் நாளைக்கே எழுதித் தருகிறேன்.

காட்டமுடியாது. அதனால் நிலம் கிடையாது. இதில் உன் இழுப்புக்கு இடமில்லை. மன்னார்குடிக்காரருக்கு நானே போன் செய்து விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். ஹாஜாவுக்குத் தரவேண்டியதை உன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் நீதான் தரவேண்டும். நான் கொடுக்கிறேன் என்றதற்கு அவரே வேண்டாம் என்றுவிட்டார்: "நீங்க குடுத்தா அவனுக்கு இன்னொரு ஞாயித்துக்கிழம கெடச்சிடும்க்கா." அவர் சொன்னதாக உன்னிடம் சொல்லவேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொண்டார். நான் கடிதம் எழுதப்போகிறேன் என்றதும் ஒரு நாள் யோசித்துவிட்டு, பேரைப் போட்டே எழுதுங்கள், திட்டினால் திட்டட்டும் என்றார். அவரிடம் முகம் கோணினாய் என்று கேள்விப்பட்டால் என்னிடம் பேசாதே.

ஹாஜா வந்த அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைப் பார்க்கப் போனார். மடையில் பார்க்க ஒன்றும் இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டி வந்தார், சாப்பிட்டார், கை கழுவும்போது, "மாடி எடுக்கணும்னு சொன்னானே, பொய்யா?" என்று மட்டும் கேட்டார். நான் ஆமாம் என்றேன். அந்த மாடிக்கு அவர் ரகசியமாக மேஸ்திரியிடம் அளவு கேட்டு வைத்திருந்தாராம். தேதி காட்டும் காலண்டருக்குப் பின்னால் அந்தச் சீட்டு இருந்தது. கல்யாணமாகி வருகிறவளுக்குக் காற்று வரவேண்டும் என்று ஜன்னல்கூடக் குறித்திருக்கிறார்.

வருகிறவள். கயல்விழியைப் பற்றித்தான் இத்தனை பக்கமும் எழுதிக்கொண்டிருக்கிறேன், பெயரை மட்டும் தள்ளிப்போட்டேன். நிச்சயம் ஆனதிலிருந்து மருந்துக்கடை வேலை முடிந்து போகும்போது வாரம் ஒரு நாள் இங்கே வருகிறாள். போன வாரம் வந்தபோது, "அவங்க ஞாயித்துக்கிழம மட்டும் போன எடுக்கறதே இல்லத்தே, ஓவர்டைம்னு சொல்றாங்க, ஒடம்பு கெட்டுடப்போவுது, நீங்க சொல்லுங்க" என்றாள். நான் கிரைண்டரைக் கழுவுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். விதைக் கடைக்காரரின் முன்னால் நின்ற அதே பொய்யில் மறுபடி நின்றேன், இந்தத் தடவை வாய் திறக்காமல். ஒரு பெண்ணைத் தெரியாத கணக்குக்குள் கூட்டிவர எனக்கு உரிமை இல்லை. உனக்கும் இல்லை.

ஆகவே செய்யவேண்டியது இரண்டு. அந்த நாட்டிலேயே ஒரு படிவம் இருக்கிறது: என்னை உள்ளே விடாதே என்று நாமே எழுதிக்கொடுப்பது. உன்னைப்போல வேலைக்குப் போனவர்களும் கொடுக்கலாம். அதன்பிறகு பாஸ்போர்ட்டைக் காட்டினால் கதவு திறக்காது, நினைத்த மறுநாள் திரும்ப வாங்கவும் முடியாதாம். இலவசமாகத் திறந்த கதவை நீயே சாத்திக்கொள்ள அவர்கள் வைத்திருக்கிற ஒரே வழி அது. விடுமுறை முடிந்து இந்தக் கடிதத்தோடு வருகிற ஹாஜா உன்னோடு வருவார், எழுதிக்கொடு. இரண்டாவது, கயல்விழியிடம் நீயே சொல். எவ்வளவு, எத்தனை நாள், கண்ணில் ஒற்றிக்கொண்டது வரைக்கும் சொல். அதற்கு மேல் இந்தக் கல்யாணம் அவள் முடிவு, நீயோ நானோ பேசி வளைக்கக் கூடாது. கார்த்திகை முதல் தேதிக்குள் நீ சொல்லவில்லையென்றால் இந்தக் கடிதத்தின் நகல் அவள் கையில் இருக்கும். உறையை ஒட்டாததற்குக் காரணம் இதுதான். அப்பா முழுசும் படித்துவிட்டார். தேவைப்பட்டால் அவளும் படிப்பாள். மறைத்து வளர்த்தது போதும்.

கடைசியாக ஒன்று. தாளடி நாற்றங்கால் விட்டு இன்றோடு ஒன்பது நாள். விதை கட்டியிருந்த கோணியை அவிழ்க்கும்போது அப்பா என்னைப் பார்த்து, "தம்பிக்குப் போன் போடலையா?" என்றார். இல்லை என்றேன். யார் முதல் கை என்றார். யாராவது போடுங்கள், முளை நீண்டுவிடப் போகிறது என்றேன். அவர் கிழக்கே பார்க்கவில்லை, கண்ணிலும் ஒற்றவில்லை, அள்ளி வீசிக்கொண்டே போனார். இப்போது போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு சொட்டை இல்லாமல் பச்சையாக எழும்பியிருக்கிறது. ஒரு தடவை முளைத்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும், அதை நிரூபணமாக எழுதவும் இல்லை. இருபது வருஷம் தாமதமாக உனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்: உன் கையில் ராசி எதுவும் இல்லை, தம்பி. எப்போதும் இருந்ததில்லை. எல்லாரையும்போல வேலை செய்தால் காய்க்கிற கை. அதை அப்படியே ஊருக்குக் கொண்டு வா, நாற்று நட ஆள் பற்றாமல்தான் இருக்கிறது.

கயல்விழியிடம் சொன்னபிறகு எனக்குப் போன் செய். வீடியோ வேண்டாம், குரல் போதும்.

அம்மா